கண்ணாடிக்காரி துடைத்த கம்ப்யூட்டர்

அத்தியாயம் 17

போன வாரம் ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்ட இடத்தில் நிறுத்தியிருந்தேன். சாத்தியது மாமியாரா, மருமகளா என்று கேட்டு வந்த கடிதங்கள் என் மேஜையில் குவிந்து கிடக்கின்றன. இரண்டு பேரும் இல்லை. காற்று. ஆனால் அதற்குப் பிறகு பதினோரு நாளாக அந்த வீட்டில் இரண்டு பெண்களும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அதற்குக் காற்றின் மேல் பழி போட முடியாது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. கடை மாமியாருடையது. தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர். மகன் லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். மருமகள் வானம் செய்கிறாள்.

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் ஒரு கோளரங்கம் இருக்கிறது. அதன் உருண்டைக் கூரையில் விளக்கை அணைத்துவிட்டு ஓட்டுகிறார்களே, அந்த வானத்தைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்கிறவள் அவள். எட்டு மாத உழைப்பில் இருபது நிமிட வானம் தயாராகிவிட்டது. இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பி, அது அவர்களுக்குப் பிடித்துப்போனால், அடுத்த வருடம் முழுக்கக் கோளரங்கத்தின் வானம் அவள் பொறுப்பு. ஐந்து தாண்டினால் வேறு யாரோ ஒருவர் பொறுப்பு. கடைசி நாற்பது நொடிதான் பாக்கி. விடியல்.

சண்டையும் இந்த வானத்தால்தான். லிப்ட்காரனை அவனுடைய கம்பெனி ஒரு வருடம் வெளியூர் போகச் சொல்லியிருந்தது. மருமகள், வானத்தை விட்டுவிட்டு வர முடியாது என்றாள். அப்போதுதான் கண்ணாடிக்காரி வாயைத் திறந்தாள். "இல்லாத நட்சத்திரத்த வரைஞ்சு யாருக்கு என்ன ஆகப்போகுது?"

கேட்டது என்னவோ ஒரே ஒரு கேள்வி. பதினோரு நாளாக வீடு அதைச் சுமந்துகொண்டு நடக்கிறது.

காலை பத்து மணி. மருமகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். இரவு முழுக்கக் கம்ப்யூட்டர் அவளைப் படாதபாடு படுத்தியிருந்தது. கால் மணிக்கு ஒரு தரம் சூடேறி, தானாகவே அணைந்து போயிற்று. விடியலைப் போட ஆரம்பிப்பாள், அணைந்துவிடும். மறுபடி ஆரம்பிப்பாள், மறுபடி அணையும். என்ன கோளாறு என்று அவளுக்குத் தெரியும். எல்லாக் கணக்கையும் போடுகிற ப்ராசஸருக்கும், அதன் தலையில் உட்கார்ந்திருக்கிற, விசிறி பொருத்திய உலோகக் கட்டைக்கும் நடுவே ஒரு பேஸ்ட் தடவியிருக்கும். சூட்டை மேலே கடத்துவது அதுதான். அது காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. பழையதை வழித்து எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். புதுக் குழாயையும் வாங்கி மேஜையில் வைத்தாகிவிட்டது. ஆனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து தெளிவாகச் செய்யலாம் என்று படுத்தாள்.

கனவில் அவள் கோளரங்கத்துக்குள் நடந்துகொண்டிருந்தாள். கூரை கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றும் கொதித்துக்கொண்டிருந்தன. யாரோ ஒருத்தி வரிசையாக ஒவ்வொரு நட்சத்திரத்தின் பக்கத்திலும் போய் 'ஹா' என்று ஊதி ஆற்றிக்கொண்டு வந்தாள். முகம் தெரியவில்லை. ஊதுகிற சத்தம் மட்டும் வெகு பக்கத்தில் கேட்டது.

பக்கத்தில்தான் கேட்டது. ஊதியது கண்ணாடிக்காரி.

அவளை உடனே வையாதீர்கள். மன்னிப்பு என்கிற வார்த்தை அவள் வாயில் வராது, கையில்தான் வரும். அணைந்து அணைந்து போகிற கம்ப்யூட்டரோடு மருமகள் படுகிற பாட்டை அவள் இரவெல்லாம் கதவிடுக்கில் பார்த்திருந்தாள். காலையில் மேஜையில் மருமகளின் போனில் ஒரு வீடியோ பாதியில் நின்றிருந்தது. சத்தம் வைக்காமல் ஓட்டிப் பார்த்தாள். ஒரு கை எதையோ கழற்றி, எதையோ துடைத்தது. அவ்வளவுதானா, என்று தோன்றியது. துடைப்பதா? முப்பது வருடமாக அவள் வேறென்ன செய்தாள்? மீதியைப் பார்க்கவில்லை.

மின்சார வயரைப் பிடுங்கினாள். அந்த அளவுக்கு விவரம் உண்டு. கடையில் இருந்ததிலேயே பெரிய திருப்புளியைக் கொண்டுவந்து விசிறியின் நாலு திருகையும் எடுத்தாள். நேராக மேலே இழுத்தாள். 'சடக்' என்று வந்தது. விசிறியோடு ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் வந்தது. அப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மெல்ல நெம்பிப் பிரித்தாள். அதன் மேல் சாம்பல் நிறத்தில் அப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. இவ்வளவு அழுக்கா?

லென்ஸ் ஸ்ப்ரேயை அடித்தாள். 'ஹா' என்று ஊதினாள். போட்டிருந்த கடைக் கோட்டின் நுனியால் நடுவில் தொடங்கி வட்டம் வட்டமாக விளிம்புக்குத் துடைத்தாள். லென்ஸை அப்படித்தான் துடைக்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே. கண் பார்க்கிற இடம் முதலில் தெளிய வேண்டும். ப்ராசஸர் பளபளத்தது. தன் முகமே மங்கலாகத் தெரிவதைப் பார்த்து அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மேஜையில் இருந்த குழாயைப் பார்த்தாள். ஏதோ ஒட்டுகிற பசை என்று ஒதுக்கிவைத்தாள். சுத்தமாக இருக்கிற இரண்டு பரப்புக்கு நடுவில் எதற்குப் பசை? கண்ணாடிக்கடையில் முப்பது வருடம் இருந்த யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

இருந்த இடத்தில் ப்ராசஸரை வைத்தாள். ஒரு மூலை சரியாக உட்காரவில்லை. கட்டை விரலால் அழுத்தி, மேலே விசிறியைத் திருகி, வயரைச் செருகினாள்.

சுவிட்சைப் போட்டதும் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டாள். கறுப்பு. மூன்றாம் தரமும் கறுப்பு.

இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில் லிப்ட் கூரை மேல் நின்றுகொண்டிருந்த மகனுக்குப் போன் போட்டாள். பன்னிரண்டு மணிக்கு, கையில் கிரீஸோடு, அவன் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா பண்ணின?"

"துடைச்சேன்டா."

"எதுக்கு?"

"அழுக்கா இருந்துச்சு."

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். உள்ளறையில் தூங்குகிறவளைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். "போச்சும்மா. அஞ்சு மணிக்குள்ள எந்தக் கடைக்காரனும் இத சரி பண்ணித் தர மாட்டான். ஆபீஸ்ல ஒரு மணிக்குள்ள பதில் கேட்டிருக்காங்க. வானமே போனதுக்கப்புறம் அவ இங்க உக்காந்து என்ன பண்ணுவா? என்கூட வந்தா மனசாவது மாறும்."

"அவளக் கேக்காமயா?"

"எழுந்தா அழுவா. அழுறப்ப இத வேற கேக்கணுமா?"

போனை எடுத்து, கிரீஸ் விரலாலேயே, 'வருகிறேன், குடும்பத்தோடு' என்று தட்டி அனுப்பினான். நல்லெண்ணம்தான். இந்த வீட்டில் இன்றைக்கு நடந்த எல்லாத் தப்பும் நல்லெண்ணத்தில் நடந்தவைதான். "நானே சாயங்காலம் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவன் பாதியில் விட்ட லிப்டுக்குப் போய்விட்டான். கண்ணாடிக்காரி படியிலேயே உட்கார்ந்தாள். கீழே கடையில், வாசல் பலகை 'பத்து நிமிடத்தில் வருவேன்' என்று சொன்னதை நம்பி ஒரு மனிதர் கண்ணாடி இல்லாத கண்ணோடு ஒன்றரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். அவரை வேறு அனுப்பிவைத்துவிட்டு வந்தாள்.

அவள் மேலே வந்தபோது மருமகள் எழுந்து மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். மருமகள் கத்தவில்லை. விசிறியைக் கழற்றி வைத்திருந்தாள். தலை கலைந்து, இன்னும் பாதிக் கனவில் இருக்கிறவளைப் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, எதால துடைச்சீங்க?"

பதினோரு நாளில் முதல் வார்த்தை.

"கோட்டு நுனியால."

"முன்னாடி என்ன தெளிச்சீங்க?"

"லென்ஸ் ஸ்ப்ரே."

"ரோஜா வாசனை வருதே, அதுவா?"

"அதுதான்."

"ஊதினீங்களா?"

கண்ணாடிக்காரி தரையைப் பார்த்தாள். "ஊதினேன்."

மருமகள் கண்ணை மூடித் திறந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன, இரண்டையும் விழுங்கினாள். ப்ராசஸரைப் பிடித்து வைத்திருக்கிற சாக்கெட்டின் சின்ன நெம்புகம்பியைத் தூக்கினாள். ப்ராசஸரை விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்துத் திருப்பினாள். அடியில் முடி போல மெல்லிய ஆயிரத்துச் சொச்சம் பொன்னிறக் கம்பிகள். ஒரு ஓரத்தில் அவற்றின் நடுவே சாம்பல் பேஸ்ட் அப்பியிருந்தது. இரண்டு கம்பிகள் சாய்ந்திருந்தன. அவள் விரல் நடுங்கியது. தூக்கமில்லாத கை. இந்தக் கையால் அதைத் தொட்டால் இரண்டு இருபதாகிவிடும் என்று அவளுக்கே தெரிந்தது.

"கொடு" என்றாள் கண்ணாடிக்காரி. "நீ சொல்லு, நான் பண்றேன். சொன்னத மட்டும் பண்றேன்."

மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி ஆகப் பத்து நிமிடம். விடியலைப் போட்டு முடிக்கக் கம்ப்யூட்டருக்கு இரண்டே முக்கால் மணி நேரம் வேண்டும். வேறு வழி இல்லை.

"முதல்ல அந்த இரும்புக் கூட்டைத் தொடுங்க."

"எதுக்கு?"

"உங்க உடம்புல இருக்கிற மின்சாரம் அதுல இறங்கிடும். இது அதைத் தாங்காது."

"என் உடம்புல மின்சாரமா? உன் மாமனார் இருந்தப்பவே இத யாராவது அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்."

பதினோரு நாள் கழித்து அந்த அறையில் யாரோ சிரித்தார்கள். மருமகள்தான்.

ஸ்ப்ரே வேண்டாம், அதில் சோப்பும் தண்ணீரும் இருக்கிறது, காய்ந்தாலும் ஒரு படலம் நிற்கும் என்றாள். பிரேமில் ஒட்டின ஸ்டிக்கர் கறை எடுக்கக் கடையில் சுத்த ஆல்கஹால் இருப்பதாகக் கண்ணாடிக்காரி சொன்னாள். பாட்டிலில் தொண்ணூற்றொன்பது சதவீதம் என்று போட்டிருந்தது. மருமகள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். நூல் பிரியாத புதுத் துணி, நுனி மெத்தென்ற ஒரு புது பிரஷ், கண்ணில் பொருத்திக்கொள்கிற பெரிதாக்கிக் கண்ணாடி, மூக்குத் தாங்கியின் கம்பியை நிமிர்த்துகிற மெல்லிய இடுக்கி, எல்லாம் கடையிலிருந்து மேலே ஏறி வந்தன.

"பிரஷ்ஷ ஆல்கஹால்ல நனைச்சு உதறிடுங்க. சொட்டக் கூடாது. கம்பிங்க வரிசையிலயே போகணும், குறுக்க தேய்க்காதீங்க."

கண்ணாடிக்காரி மூச்சைக்கூட பக்கவாட்டில் விட்டாள். பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து துணிக்கு வந்தது. பிறகு இடுக்கியால் சாய்ந்த கம்பிகளைத் தொட்டாள். ஒரே தள்ளில் நிமிர்த்தவில்லை. கொஞ்சம், பிறகு பார்த்து, பிறகு இன்னும் கொஞ்சம். அவள் கை பாறை மாதிரி நின்றது. மாமியாருக்கு இப்படி ஒரு கை இருப்பது மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருந்த மருமகளுக்கு இன்றுதான் தெரிந்தது. தானும் இவளை ஒழுங்காகப் பார்த்ததில்லையோ என்று வெட்கமாக இருந்தது.

வம்பு மேல்பக்கத்தைத் துடைக்கும்போது வந்தது. ரோஜாப் படலத்தையும் ஓரத்துக் கறையையும் எடுக்க வேண்டும். துணியின் ஒரு மூலையை ஆல்கஹாலில் நனைத்துக்கொண்டு கண்ணாடிக்காரி ஆரம்பித்தாள்.

"அத்தை, நடுவிலேர்ந்து போகுது."

"போகலையே."

"போகுது. ஓரத்திலேர்ந்து நடுவுக்கு வரணும். இல்லன்னா மறுபடி கம்பிக்குள்ள தள்ளிடும்."

"ஓரத்திலேர்ந்துதான் வரேன்."

கை வட்டமிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. அவளே அதைப் பார்த்துத் திடுக்கிட்டு நிறுத்தினாள். "சொன்னாலும் கேக்க மாட்டேங்குதும்மா இது. முப்பது வருஷமா இப்படியே போயிருக்கு."

மருமகள் எதிரே வந்து மாமியாரின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள். அழுத்தவில்லை. திசை மட்டும் காட்டினாள். ஓரத்திலிருந்து உள்ளே. துணியைத் திருப்பி, புது இடத்தால், மறுபடி ஓரத்திலிருந்து உள்ளே. ஜன்னல் வெளிச்சம் பாட்டில் வழியாக மேஜையில் விழுந்து லேசாக ஆடியது. தெருவில் ஏதோ வண்டி போனது வேறு எங்கோ போவது போலக் கேட்டது. இரண்டு பேரும் ஒரே சொப்பனத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது, எழுப்பிவிடாதே என்று சொல்லலாம் போல.

"இல்லாத நட்சத்திரம்னு சொன்னேன்ல" என்றாள் கண்ணாடிக்காரி, துணியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அது தப்பு."

மருமகள் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.

துணியில் கறை வருவது நின்றது. விசிறியின் அடிப்பரப்பையும் அப்படியே துடைத்தார்கள். ஈரம் முழுக்கப் பறந்து போகட்டும் என்று மருமகள் கால் மணி நேரம் சும்மா உட்காரச் சொன்னாள். ஊத வேண்டாம் என்றும் சொன்னாள். கண்ணாடிக்காரி உதட்டை இறுக்க மூடிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ப்ராசஸர் இந்தத் தடவை தானாகவே குழியில் இறங்கிப் படுத்தது. நெம்புகம்பியைச் சாய்த்தார்கள். குழாயிலிருந்து ஒரு மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக, நடுவில், ஒரே ஒரு பொட்டு.

"இவ்வளவுதானா?"

"விசிறி உக்காந்ததும் தானே பரவிக்கும். நிறைய வெச்சா வழியும்."

திருகுகளை எதிரெதிர் மூலையாக, மாறி மாறி இறுக்கினார்கள். வயரைச் செருகினாள் மருமகள். சுவிட்சைப் போடச் சொல்லி மாமியாரைப் பார்த்தாள். கண்ணாடிக்காரி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மருமகளே போட்டாள்.

கறுப்பு. ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு திரையின் மூலையில் ஒரு சின்னக் கோடு மினுக்கியது.

அப்போது மணி ஒன்று ஐம்பத்தைந்து.

திரையின் ஓரத்தில் சூட்டின் எண் ஓடியது. நாற்பத்தொன்று. விடியலை ஆரம்பித்ததும் ஐம்பத்தெட்டு. அறுபத்தாறு. காய்ச்சல்காரக் குழந்தையின் பக்கத்தில் உட்காருகிற மாதிரி கண்ணாடிக்காரி அதன் எதிரே உட்கார்ந்துவிட்டாள். நேற்று தொண்ணூற்றைந்தைத் தொட்டு அணைந்தது என்று மருமகள் சொன்னாள். அறுபத்தொன்பதில் எண் நின்றது. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. அணையவில்லை.

காத்திருக்கிற நேரத்தில் மருமகள் முடிந்த பகுதியைத் தன் போனில் ஓட்டிக் காட்டினாள். கண்ணாடிக்காரி இதுவரை பார்த்ததே இல்லை. உள்ளங்கைக்குள் இருட்டு விரிந்து, மெதுவாகச் சுழன்றது.

"இது எது?"

"அது நிஜமாவே இருக்கிறதுதான் அத்தை. எல்லாமே இருக்கிறதுதான். எதையும் நான் புதுசா வைக்கலை. நம்ம ஊர் வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியறதில்ல, அவ்வளவுதான்."

தெரியாததைத் தெரியவைப்பதுதானே தன் பிழைப்பும் என்று கண்ணாடிக்காரி நினைத்தாள். கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றாமலேயே பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் வானமும் கலங்கித் தெரிந்தது.

நாலே முக்காலுக்கு விடியல் முடிந்தது. நாலு ஐம்பத்தாறுக்கு வானம் கோளரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறு மணிக்கு அங்கிருந்து போன். மருமகள் நின்றபடியே கேட்டாள், "சரி சார்" என்று நாலு தரம் சொன்னாள், வைத்தாள்.

"பிடிச்சிருக்காம். அடுத்த வருஷம் ஆறு வானம் வேணுமாம் அத்தை. வாரம் ரெண்டு நாள் அங்கேயே வந்து கூரைக்குக் கீழ உக்காந்து செய்யணுமாம்."

லிப்ட்காரன் வாசலில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று இருவருக்கும் தெரியாது. கடைசி வார்த்தை வரை கேட்டிருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

"எப்படிச் சரியாச்சு?" என்றான்.

"உங்கம்மா சரி பண்ணினாங்க" என்றாள் மருமகள், சிரித்துக்கொண்டே. "ஏன் அங்கேயே நிக்கறீங்க? உள்ள வாங்க."

அவன் வரவில்லை. கண்ணாடிக்காரி மகனைப் பார்த்தாள். மத்தியானம் அவன் ஆபீஸுக்கு அனுப்பிய பதிலை அவள் இன்னும் மருமகளிடம் சொல்லியிருக்கவில்லை. நீயே சொல்லு என்று கண்ணால் சொன்னாள்.

"ஆபீஸுக்குச் சரின்னு சொல்லிட்டேன்" என்றான். "குடும்பத்தோட வரேன்னு எழுதிட்டேன். மிஷின் செத்துப்போச்சுன்னு நினைச்சேன். வானமும் போச்சுன்னு... பதினஞ்சாம் தேதி அங்க இருக்கணும்."

மருமகளின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. "என்னை எழுப்பியிருக்கலாமே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "உள்ளதான படுத்திருந்தேன். எழுப்பிக் கேட்டிருக்கலாமே."

ஆபீஸுக்குச் சரி என்று சொன்னது சொன்னதுதான், மாற்ற முடியாது என்று முணுமுணுத்தான். ஒரு வருஷம்தானே என்றான். அங்கேயும் கோளரங்கம் இருக்குமே என்றான். ஒவ்வொன்றும் முந்தினதைவிட மோசமாக இருந்தது.

கண்ணாடிக்காரி எழுந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள், மகனுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு.

"சொன்ன வாக்க மாத்த வேண்டாம்டா. நீ போயிட்டு வா. அவ எங்கூட இருப்பா."

மருமகள் அந்த முதுகைப் பார்த்தாள். கடைக் கோட்டின் நுனியில் சாம்பல் நிறக் கறை காய்ந்திருந்தது. கல்யாணமாகி மூன்று வருடத்தில் இந்த வீட்டில் தனக்காக ஒரு ஆள் எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை. அது இந்த ஆளாக இருக்கும் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை.

"அப்ப எனக்கு?" என்றான் லிப்ட்காரன். "எனக்கு அங்க யாரும்மா இருக்கா?"

நியாயமான கேள்விதான். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.